இந்தியக் கால்பந்தின் கதை – 17: இரு கரைகளிலும் ஒரே பயிற்சியாளர்

சென்ற அத்தியாயம் ரஹீமின் மரணத்தோடு முடிந்தது. 1963 ஜூன் 11. ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கி ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. புற்றுநோயை உடம்புக்குள் வைத்துக்கொண்டே அந்த அணியைத் தயார் செய்தவர் சையது அப்துல் ரஹீம். அவர் போனதும் இந்திய அணிக்குப் பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். ஆனால் அவருடைய பாடத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோகப் போவது யார் என்ற கேள்விக்குப் பத்தாண்டுகள் கழித்துத்தான் பதில் கிடைத்தது.

ரஹீமின் முன்வரிசையில் மூன்று பெயர்கள் எப்போதும் சேர்ந்தே ஒலிக்கும்: சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம், பிரதீப் குமார் பானர்ஜி. சுனி கிரிக்கெட்டிலும் கால் வைத்தார். வங்காள அணிக்குத் தலைமை தாங்கி ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். பலராமை நுரையீரல் நோய் இருபத்தேழு வயதுக்குள்ளேயே களத்தைவிட்டு வெளியேற்றியது. மிஞ்சியவர் பி.கே. பயிற்சியாளர் என்ற வேலையை ஆயுள் வேலையாக எடுத்துக்கொண்டவர் மூவரில் அவர் ஒருவர்தான்.

ஜல்பாய்குரி மாவட்டத்து மொய்நாகுரியில் 1936 ஜூன் 23 அன்று பிறந்தவர். வளர்ந்தது ஜாம்ஷெட்பூரில். உருக்காலைகளும், ஆலைக்கு ஆலை ஒரு விளையாட்டு அணியுமாக இருந்த ஊர் அது. பதினைந்து வயதில் பீகாருக்காகச் சந்தோஷ் கோப்பையில் ஆடினார். 1954இல் கல்கத்தா வந்து ஆர்யன் கிளப்பில் ஓராண்டு. அடுத்த ஆண்டு ஈஸ்டர்ன் ரயில்வே. அதன்பின் 1967இல் ஓய்வு பெறும்வரை வேறு கிளப்புக்குப் போகவே இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். கல்கத்தாவில் கால்பந்து ஆடுகிறவன் என்றால் அன்று மூன்று வாசல்கள்தான்: மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங். கூட்டமும் பணமும் புகழும் அங்கேதான். நாட்டின் தலைசிறந்த ரைட் அவுட் என்று பெயரெடுத்த ஒருவர் இந்த மூன்றில் எதிலும் சேராமல் ரயில்வே உத்தியோகத்தோடு நின்றுவிட்டார் என்பது அந்த ஊரில் அதிசயம். ஆனால் பெரிய குடும்பம், மாதச் சம்பளம், ஓய்வூதியம் என்று யோசிக்கிற நடுத்தர வர்க்கத்து வீட்டுக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை. நம் ஊரிலும் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, துறைமுகம், வங்கிகள் என்று விளையாட்டுக்காரர்கள் ஒதுங்கிய நிழல்கள் அவைதானே.

அந்த ரயில்வே அணி 1958இல் கல்கத்தா லீக்கை வென்றது. 1934 முதல் மூன்று பெரிய கிளப்புகளின் கையைவிட்டுப் போகாமல் இருந்த பட்டம் அது. ஈஸ்டர்ன் ரயில்வேக்குப் பிறகு இன்னொரு வெளி அணி அதைத் தொடுவதற்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பீர்லெஸ் வென்றது. அறுபத்தோரு ஆண்டு இடைவெளி! பி.கே. எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

சர்வதேச ஆட்டம் 1955இல் டாக்காவில் நடந்த நான்கு நாடுகள் போட்டியில் தொடங்கியது. அடுத்த ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக். காலிறுதியில் போட்டி நடத்திய ஆஸ்திரேலியாவையே 4-2 என்று இந்தியா வீழ்த்தியது. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்த ஆட்டம் அது. அரையிறுதியில் யூகோஸ்லாவியா, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியா என்று இரண்டிலும் தோற்று நான்காம் இடம். ஒலிம்பிக் கால்பந்தில் இன்றுவரை நம் உச்சம் அதுதான். நான்கு ஆண்டு கழித்து ரோமில் பி.கே. தலைவர். ஹங்கேரியிடம் 1-2, பெருவிடம் 1-3 என்று தோல்விகள். நடுவில் பிரான்ஸுடன் ஓர் ஆட்டம். பி.கே. அடித்த கோலில் இந்தியா முன்னிலை பெற்று, ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் சமன் செய்தது. 1-1. கோல்கம்பத்தில் பீட்டர் தங்கராஜ்.

தங்கராஜைப் பற்றித் தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. ஹைதராபாத்தில் பிறந்த அவர் ராணுவத்தில் சேர்ந்து ஆட்டக்காரராக உருவானது நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில்தான். முதலில் அவர் சென்டர் ஃபார்வர்ட். பிறகுதான் கோல்கீப்பர். 1955இலும் 1958இலும் அந்த மையத்து அணி டுராண்ட் கோப்பையையே வென்றது. பலராமும் செகந்தராபாத்தில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அந்தப் பொற்கால அணியைப் பற்றிப் பேசும்போது வங்காளம், ஹைதராபாத் என்று இரண்டு பெயரோடு நாம் நிறுத்திவிடுகிறோம்.

1962 ஜகார்த்தாவைப் பற்றிச் சென்ற இரு அத்தியாயங்களில் விரிவாகப் பார்த்தாயிற்று. பி.கே.யின் பங்கை மட்டும் இங்கே சொல்கிறேன். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2. அடுத்து தாய்லாந்துக்கு எதிராக 4-1, ஜப்பானுக்கு எதிராக 2-0. இரண்டிலும் பி.கே. கோல் அடித்தார். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் விசா மறுத்த இந்தோனேசியாவை இந்திய ஒலிம்பிக் பிரமுகர் ஜி.டி. சோந்தி கண்டித்ததால் ஊரே நம் அணிமேல் கொதித்துக்கொண்டிருந்தது. செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டம், மீண்டும் தென்கொரியா. ஒரு லட்சம் பேர் நிறைந்த செனாயன் மைதானம் முழுக்க எதிர்க் கூச்சல். 17ஆவது நிமிடத்தில் பி.கே. கோல். மூன்று நிமிடம் கழித்து, தலையில் தையல் போட்டுக்கொண்டு முன்வரிசைக்கு அனுப்பப்பட்டிருந்த ஜர்னைல் சிங் இரண்டாவது கோல். கடைசி நேரத்தில் கொரியா ஒன்று திருப்பியும் 2-1 என்று தங்கம் நமக்கு.

காயமடைந்த தடுப்பாட்டக்காரரைக் கோல் அடிக்க அனுப்பலாம் என்ற துணிச்சலை ரஹீமிடம் நேரில் பார்த்தவர் பி.கே. ஆட்டக்காரனின் உடம்பைவிட அவன் மனசு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்பதே ரஹீம் பள்ளியின் முதல் பாடம். அடிப்படையில் அவர் பள்ளிக்கூட வாத்தியார் அல்லவா! ஆசான் மறைந்து அறுபது ஆண்டு கழித்து, 2024இல், ‘மைதான்’ என்ற இந்திப்படம் அவர் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டுபோனது. அதற்கு வெகுமுன்பே அந்தப் பெயரைத் தன் பேச்சில் சுமந்து திரிந்தவர் இந்த மாணவர்.

காயங்கள் துரத்த, 1967இல் பி.கே. ஆட்டத்தை நிறுத்தினார். அடுத்து அவர் செய்த காரியம்தான் இந்த அத்தியாயத்தின் முக்கியமான திருப்பம். பயிற்சியாளர் படிப்புக்காக ஜப்பான் போனார். ஃபிஃபா அங்கே நடத்திய வகுப்பில் ஆசிரியர் ஜெர்மானியரான டெட்மார் கிராமர்.

ஏன் ஜப்பான்? 1962இல் இந்தியா 2-0 என்று ஓட ஓட விரட்டிய ஜப்பான், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியிருந்தது. நடுவே நடந்தது இவ்வளவுதான்: டோக்கியோ ஒலிம்பிக்குக்காகக் கிராமரை அழைத்தார்கள். அவர் சொன்னதைக் கேட்டார்கள். 1965இல் நாடு தழுவிய லீக் தொடங்கினார்கள். பயிற்சியாளர்களுக்குப் பள்ளி நடத்தினார்கள். நாம் அதே ஆண்டுகளில் கேடயங்களும் கோப்பைகளும் ஆடிக்கொண்டிருந்தோம். உள்ளூர் ஆட்டங்கள் பெரும்பாலும் 70 நிமிடம்தான். வெளிநாட்டு அணியோடு 90 நிமிடம் ஆடும்போது கடைசி இருபது நிமிடத்தில் மூச்சு வாங்கியதில் வியப்பென்ன? நமக்கொரு தேசிய லீக் வந்தது 1996இல். ஜப்பானுக்கு 31 ஆண்டு பின்னால்.

தோற்கடித்த நாட்டுக்கே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து படிக்க ஒரு மனசு வேண்டும். அது பி.கே.க்கு இருந்தது. அந்தப் படிப்பின் சூட்டோடு 1970 பாங்காக் ஆசிய விளையாட்டுக்குப் போன அணியின் பயிற்சிப் பொறுப்பில் ஜி.எம்.எச். பாஷாவோடு அவரும் இருந்தார். சையது நயிமுதீன் தலைமையில் போன அந்த அணி வெண்கலத்துக்கான ஆட்டத்தில் 1-0 என்று வென்றது. எதிரணி அதே ஜப்பான். அதற்குப்பின் ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்துக்கு எந்தப் பதக்கமும் இல்லை.

1972இல் ஈஸ்ட் பெங்கால் அவரை அழைத்தது. தேசப் பிரிவினையில் கிழக்கிலிருந்து ஓடிவந்தவர்களின் கிளப் அது. வங்கதேசப் போரின் அகதிக் கூடாரங்களைக் கல்கத்தாவின் ஓரங்கள் இன்னும் மறக்காத காலம். நக்சல் வேட்டையில் தெருக்கள் ரத்தம் பார்த்த காலமும் அதுவே. வேலையும் வீடும் இல்லாத ஓர் இளைஞனுக்கு வாரத்தில் ஒருநாள் தலை நிமிர்த்தி நடக்கக் கிடைத்த காரணம் சிவப்பு-மஞ்சள் சட்டை. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் சந்தையில் ஹில்சா மீன் விலை ஏறும், மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும் என்பார்கள். இரு தரப்பும் வெற்றியைச் சாப்பிட்டுத்தான் கொண்டாடும்.

1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறுமுறை ஈஸ்ட் பெங்கால் லீக் வென்றது. முகமதனின் ஐந்தாண்டுச் சாதனை முறிந்தது. ஆறில் நான்கு பி.கே.யின் காலத்தவை. 1973இல் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியில் வடகொரியாவின் பியாங்யாங் நகர அணியை 3-1 என்று வீழ்த்தினார்கள். சுதிர் கர்மாக்கர், கௌதம் சர்க்கார், சமரேஷ் சௌத்ரி, சுபாஷ் பௌமிக், சுரஜித் சென்குப்தா என்று அந்த ஆண்டுகளில் ஆடியவர்களின் பெயர்களைக் கல்கத்தாக் கிழவர்கள் இன்றும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள்.

ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் அவர் பேசும் பேச்சுக்குப் பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் ‘வோக்கல் டானிக்’. வாய்வழி மருந்து என்ற கிண்டலும் அதில் உண்டு. ஒருவனிடம் அவன் குடும்பத்தைப் பற்றி, ஒருவனிடம் அவன் ஊரைப் பற்றி, இன்னொருவனிடம் நேற்றுப் பத்திரிகையில் அவனை எவனோ திட்டியதைப் பற்றி. கோபம், கெஞ்சல், கண்ணீர் எல்லாம் வரும். ‘பிரதீப் தா பேசி முடித்தால் சுவரையே இடிக்கலாம் போலிருக்கும்’ என்ற பொருளில் அவரிடம் ஆடிய பலரும் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். இதை வெறும் வாய்ச்சவடால் என்று எடுத்துக்கொண்டவர்கள் அவருடைய பயிற்சி நேரத்தைப் பார்க்காதவர்கள். கிராமரிடம் கற்ற உடற்பயிற்சி முறைகளைத் தன் ஆட்களின் எலும்பு நோகும்வரை செய்யவைத்த பின்னர்தான் அந்தப் பேச்சு. உடம்பு தயாராக இல்லாத ஆளிடம் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் அவனால் ஓடமுடியாது.

1975 செப்டம்பர் 30. ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி. ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பகான் 0. சுரஜித் ஒன்று, ஷ்யாம் தாப்பா இரண்டு, ரஞ்சித் முகர்ஜி ஒன்று, சுபாங்கர் சன்யால் ஒன்று. இந்த இரு கிளப்புகளும் கோப்பைப் போட்டிகளில் மோதிய ஆட்டங்களில் இவ்வளவு பெரிய தோல்வி வேறில்லை. அன்றிரவு மோகன் பகான் ரசிகர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த பிறவியில் மோகன் பகான் ஆட்டக்காரனாகப் பிறந்து பழிவாங்குவேன் என்று எழுதிவைத்திருந்தார். மைதானக் காதலை இனிக்க இனிக்க எழுதுகிற நாம் இந்த மரணத்தையும் அதே பக்கத்தில் எழுதத்தான் வேண்டும்.

இவ்வளவும் செய்த பி.கே. அடுத்த ஆண்டே எதிர்க்கரைக்குப் போனார். 1976 முதல் மோகன் பகான் பயிற்சியாளர். ஐந்து கோல் அவமானத்தை யார் உண்டாக்கினாரோ அவரையே அதைத் துடைக்கக் கூப்பிட்டது அந்தக் கிளப். ஹைதராபாத் சகோதரர்களான ஹபீபும் அக்பரும் வந்தார்கள். அந்த ஆண்டு லீக்கில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 17ஆவது விநாடியில் அக்பர் கோல் அடித்தார். ரசிகர்கள் உட்கார்ந்து முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது என்று சொல்லலாம், 1-0. ஆறாண்டு ஆட்சி அத்தோடு கலைந்து, லீக் மோகன் பகானுக்குப் போனது.

1977 செப்டம்பர் 24. ஈடன் கார்டன்ஸில் நியூயார்க் காஸ்மாஸ். பெலே வந்திருந்தார். ஓய்வு பெற ஒரு வாரமே இருந்தது. மழையில் ஊறிய தரை. கார்லோஸ் ஆல்பர்ட்டோ காஸ்மாஸுக்கு முதல் கோல் போட்டார். ஷ்யாம் தாப்பா சமன் செய்தார், ஆமாம், 1975இல் எதிரணியில் இரண்டு கோல் அடித்த அதே தாப்பா. ஹபீப் இரண்டாவதைப் போட்டு மோகன் பகானை முன்னால் கொண்டுபோனார். பிறகு ஒரு பெனால்டி. கொடுத்திருக்கவே கூடாது என்று கல்கத்தா இன்றும் வாதாடும் அந்தப் பெனால்டியைச் சினாலியா கோலாக்கினார். 2-2. பெலேயைக் கௌதம் சர்க்கார் நிழல்போல் ஒட்டிக்கொண்டு அசையவிடவில்லை.

கூட்டம் பெலேயைப் பார்க்க வந்தது. பி.கே.யின் கண் வேறெங்கோ இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த ஆண்டு லீக்கில் அவருடைய நட்சத்திர அணி ஈஸ்ட் பெங்காலிடம் 0-2 என்று தோற்றிருந்தது. பெலேயின் அணியோடு சமன் செய்த தெம்போடு, சில நாட்களிலேயே கேடய இறுதியில் அதே ஈஸ்ட் பெங்காலை 1-0 என்று மடக்கினார்கள். கோல் தாப்பாவுடையது. அந்தப் பருவத்திலேயே ரோவர்ஸ் கோப்பை, டுராண்ட் கோப்பை இரண்டும் வந்து சேர்ந்தன. ஒரே பருவத்தில் இந்த மூன்றும் சேர்ந்து மோகன் பகானுக்கு அதற்குமுன் கிடைத்ததில்லை.

இவ்வளவு படித்துவிட்டு வாசகர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த மனிதர் 1972 முதல் 1986 வரை பலமுறை இந்திய அணிக்கும் பயிற்சியாளராக இருந்தாரே, அங்கே என்ன ஆயிற்று? பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. சொந்த மண்ணில் நடந்த 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் காலிறுதி வரை போய், சவூதி அரேபியாவிடம் கடைசி நிமிடங்களில் ஒரு கோல் வாங்கித் தோற்றதுதான் நினைவில் நிற்பது. நான்கு ஆண்டு கழித்து சியோலில் அதுவும் இல்லை.

பி.கே.யின் பக்தர்கள் இதற்குக் கால்பந்துச் சங்கத்தைக் குறை சொல்வார்கள். எதிரிகள் அவருடைய பழைய உத்திகளைக் குறை சொல்வார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. என் கணிப்பு வேறு: அவருடைய திறமையின் அச்சு ஒரு மாலைப்பொழுது. ஒரு குறிப்பிட்ட ஆட்டத்துக்கு, ஒரு குறிப்பிட்ட எதிரிக்கு எதிராக, பதினொரு பேரை அவர்களுடைய அளவுக்கு மேலே தூக்கி நிறுத்துவதில் இந்தியாவில் அவருக்கு நிகர் யாருமில்லை. டெர்பி ஆட்டங்களும் நாக்-அவுட் கோப்பைகளும் அதற்கென்றே வாய்த்தவை. தேசிய அணிக்கு வேண்டியது வேறு: ஆண்டு முழுக்க 90 நிமிடம் ஆடப் பழகிய ஆட்டக்காரர்கள், லீக், இளையோர் அணிகள். அது ஒரு பயிற்சியாளரால் முகாமில் உண்டாக்க முடிகிற சமாச்சாரம் அல்ல. ஜப்பானில் அவர் கண்ணால் பார்த்துவந்த ஏற்பாட்டை இங்கே செய்யச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. இரு கிளப்புகள் மாறி மாறிக் கேட்டதெல்லாம் அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தைத்தான். அவர் அதைக் கொடுத்தார், அமோகமாகக் கொடுத்தார்.

அந்த நீண்டகால வேலையைச் செய்ய அவருக்குக் கிடைத்த ஒரே இடம் சொந்த ஊர். 1991 முதல் 1997 வரை ஜாம்ஷெட்பூரில் டாடா கால்பந்து அகாடமியின் தொழில்நுட்ப இயக்குநர். கார்ல்டன் சாப்மன், ரெனடி சிங் என்று பின்னாளில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர்கள் படித்த பள்ளிக்கூடம் அது. பரபரப்பில்லாத ஆண்டுகள் என்பதாலேயே யாரும் இவற்றைப் பற்றி எழுதுவதில்லை. எனக்கென்னவோ அவருடைய வாழ்க்கையில் இவை இன்னும் முன்னதாகவே வந்திருக்கவேண்டும் என்று படுகிறது.

பரபரப்பு திரும்பவும் கூப்பிட்டது. 1997 ஜூலை 13, சால்ட் லேக் மைதானம், ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. மோகன் பகானுக்கு அமல் தத்தா. நாட்டின் முதல் முழுநேரத் தொழில்முறைப் பயிற்சியாளர். சொந்தச் செலவில் இங்கிலாந்து போய்ப் படித்துவந்தவர். புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கால்பந்துப் படம் காட்டியவர். அவருடைய ‘டைமண்ட்’ ஆட்டமுறை அந்தப் போட்டியில் எதிரணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தது. ஆட்டத்துக்கு முன் ஈஸ்ட் பெங்கால் வீரர்களின் பெயர்களைத் தத்தா கேலி செய்து பேசியது பத்திரிகைகளில் வந்தது. பாய்ச்சுங் பூட்டியாவையும் விட்டுவைக்கவில்லை. எதிர்முகாமில் அறுபத்தோரு வயது பி.கே. பதிலுக்கு ஒன்றும் சொல்லாமல், அந்தக் கேலியை அப்படியே தன் பையன்கள் முன்னால் வைத்தார். டானிக்குக்கு மூலப்பொருள் எதிரியே கொடுத்துவிட்டான்!

1,31,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். இந்தியாவில் எந்த விளையாட்டுக்கும் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை என்பார்கள். ஈஸ்ட் பெங்கால் 4, மோகன் பகான் 1. பாய்ச்சுங் மூன்று கோல். வங்காளத்தில் இன்றும் இந்த ஆட்டத்தை இரு பயிற்சியாளர்களின் போராகவே பேசுகிறார்கள். பேசும்போது ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அடுத்து நடந்த இறுதி ஆட்டத்தில் கோவாவின் சல்காவ்கரிடம் ஈஸ்ட் பெங்கால் தோற்றது. கோப்பை கல்கத்தாவில் தங்கவில்லை.

பட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1961இல் அர்ஜுனா விருது, கால்பந்தில் அதைப் பெற்ற முதல்வர். 1990இல் பத்மஸ்ரீ. 2004இல் ஃபிஃபாவின் நூற்றாண்டு விருது. தம்பி பிரசூனும் இந்தியாவுக்கு ஆடியவர், பிறகு நாடாளுமன்ற உறுப்பினர்.

2020 மார்ச் 20 அன்று பி.கே. கல்கத்தாவில் காலமானார். கொரோனா ஊரடங்கு தொடங்கச் சில நாட்களே இருந்தன. நாற்பத்தொரு நாள் கழித்து, ஏப்ரல் 30 அன்று, சுனி கோஸ்வாமி. ஊரடங்கில் ஊரே அடைபட்டுக் கிடக்க, மைதானமே திரண்டு வழியனுப்பியிருக்க வேண்டிய மனிதரைச் சிலரே வழியனுப்பினார்கள். பி.கே.யின் பிறந்தநாளான ஜூன் 23ஐ அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இப்போது அடித்தளக் கால்பந்து நாளாக அனுசரிக்கிறது. சிறுவர்களுக்குப் பந்து கொடுத்து ஆடவிடும் நாள். டெர்பி வெற்றிகளைவிட அந்த ஜாம்ஷெட்பூர் ஆண்டுகளோடு பொருந்துகிற மரியாதை இது.

மூவரில் கடைசியாக 2023 பிப்ரவரியில் மறைந்தவர் பலராம். அடுத்த அத்தியாயம் அவருடையது. அதற்கடுத்து பீட்டர் தங்கராஜ். ஐம்பதுகளில் வெலிங்டனிலோ சென்னையிலோ மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியின் ஆட்டத்தை நேரில் பார்த்தவர்களோ, பார்த்தவர்கள் சொல்லக் கேட்டவர்களோ வாசகர்களில் இருந்தால், நினைவில் இருப்பதை எழுதி அனுப்புங்கள். பழைய புகைப்படம் இருந்தால் இன்னும் நல்லது. பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறோம்.